சிஸ்டர் பதில்கள்: "ஃபிட்ஸ் வந்ததுலேர்ந்து வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல"

மழைக்காலம் ஆரம்பிச்சாலே நமக்கு வர்ற கேள்வில பாதிக்கு மேல காய்ச்சல், வாந்தி, ஐசியூன்னு தான் இருக்கும். இந்த தடவை வந்ததுல ஆறு எடுத்திருக்கேன். நான் குழந்தைங்க ஐசியூல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, டாக்டர் இல்ல, அதனால மருந்து எவ்ளோ, எத்தனை வேளைங்கறத உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க. வீட்டு ஆளுங்க என்ன பண்ணணும், என்ன பண்ணவே கூடாதுங்கறது வார்டுல நின்னு பாத்தது, அத தாராளமா சொல்றேன்.

*

சிஸ்டர், என் பையனுக்கு மூணே கால் வயசு. போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் லேசா காய்ச்சல், சிரப் குடுத்து படுக்க வெச்சோம், ராத்திரி ஒரு மணி இருக்கும் திடீர்னு கை கால் வெட்டி வெட்டி இழுக்குது, கண்ணு மேல சொருகிடுச்சு, வாயில நுரை. எங்க மாமியார் ஓடி வந்து கையில சாவிக்கொத்த திணிச்சாங்க, என் வீட்டுக்காரர் ஸ்பூன வாய்க்குள்ள விடப் பாத்தாரு, நான் தண்ணிய மூஞ்சில அடிக்கிறேன். ஆட்டோ புடிச்சு போய் சேர்றதுக்குள்ள தானா நின்னுடுச்சு. ஒரு நாள் வெச்சிருந்து பாத்துட்டு, காய்ச்சல்ல வர்ற ஃபிட்ஸ் தான், பயப்படாதீங்கன்னு அனுப்பிட்டாங்க. ஆனா வீட்ல இன்னும் ஓயல. ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஜூஸ் எடுத்து குடுத்தது நான் தானாம், மாமியார் சொல்றாங்க. காய்ச்சலோட ஏசி போட்டது அவரு தான்னு நான் சொல்றேன். ராத்திரி பூரா புள்ள நெத்திய தொட்டு தொட்டு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். திரும்ப வருமா? காக்கா வலிப்பா மாறிடுமா? மாமியார் மந்திரிச்சு கயிறு கட்டியே ஆகணும்ங்கறாங்க.
- ஒரு அம்மா, கொளத்தூர்

தங்கச்சி, ஜூஸும் நிரபராதி, ஏசியும் நிரபராதி. 6 மாசத்துலேர்ந்து 5 வயசு வரைக்கும் சில குழந்தைங்களோட மூளைக்கு காய்ச்சல தாங்கற பக்குவம் வந்திருக்காது, நூறு குழந்தைல ரெண்டுலேர்ந்து அஞ்சு பேருக்கு இப்படி வரும், குடும்ப வாகும் உண்டு. உங்க மாமியார்கிட்டயே மெதுவா கேளுங்க, "அத்தை, உங்க புள்ளைக்கு சின்ன வயசுல ஜன்னி ஏதாவது கண்டுச்சா"ன்னு. பல வீட்ல அப்போ தான் ஒரு பழைய கதை வெளிய வரும், வந்ததும் ஜூஸ் கேஸ் தள்ளுபடி ஆயிடும்.

திரும்ப வருமான்னா, வரலாம். சுமாரா மூணு பேர்ல ஒருத்தருக்கு வேற ஒரு காய்ச்சல்ல திரும்ப வரும். மொத தடவையே ஒன்றரை வயசுக்குள்ள வந்த குழந்தைங்களுக்கு தான் அந்த சான்ஸ் ஜாஸ்தி, உங்க பையன் மூணு தாண்டிட்டான், அது உங்களுக்கு சாதகம். காக்கா வலிப்பு பயமும் வேண்டாம், மத்த குழந்தைங்கள்ல நூத்துல ஒருத்தருக்கு வரும்னா இவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், அவ்ளோ தான் வித்தியாசம். மூளை மந்தமாயிடும், படிப்பு ஏறாதுன்னு யாராவது சொன்னா காதுலயே போட்டுக்காதீங்க. டாக்டர் ஸ்கேன், மூளை அலைய பாக்கற இஇஜி எதுவும் எழுதாம அனுப்பினாரேன்னு மனசுல ஓடிக்கிட்டிருக்கும், இந்த மாதிரி சாதாரண ஃபிட்ஸுக்கு அதெல்லாம் தேவை இல்லன்னு தான் எழுதல, அலட்சியம் இல்ல.

இப்போ அந்த ராத்திரிக்கு வருவோம். மூணு பேர் இருந்தீங்க, ஆளுக்கு ஒண்ணு பண்ணீங்க, மூணுமே வேண்டாத வேலை. திட்டறதா நெனைக்காதீங்க, பயந்து போன ஆளுக்கு என்ன செய்யணும்னு முன்னாடியே சொல்லி வெக்கலன்னா அந்த கை ஸ்பூன தேடித்தான் ஓடும். இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் மூணு பேரும் உக்காந்து பேசி வேலைய பிரிச்சுக்கோங்க. குழந்தைய தரையில ஒருக்களிச்சு படுக்க வெச்சு சட்டை பட்டன தளத்தி விட்டு வாயோரத்துல வழியறத துணியால தொடைக்கிறது நீங்க. கைய கால அமுக்கிப் புடிக்க கூடாது, வாயில தண்ணி, மருந்து, விரல் எதுவும் போகக் கூடாது. நாக்க முழுங்கிடுவான்னு சொல்றதெல்லாம் நடக்காத கதை, ஸ்பூன விட்டா பல்லு தான் ஒடையும், ஒடைஞ்ச பல்லு மூச்சுக்குழாயில போய் மாட்டும். உங்க வீட்டுக்காரர் வேலை கடிகாரத்த பாக்கறது, கை நடுங்கலன்னா செல்போன்ல வீடியோ எடுக்கறது, டாக்டருக்கு அந்த வீடியோ ஆயிரம் கேள்விக்கு பதில் சொல்லும். மாமியார் லைட்ட போட்டு, கதவ தொறந்து வெச்சு, பழைய ஃபைல எடுத்து கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கணும். 5 நிமிஷம் தாண்டிடுச்சுன்னா 108.

அந்த சாவி விஷயம். பெரும்பாலான ஃபிட்ஸ் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நின்னுடும், நிக்கற நேரத்துல கையில சாவி இருந்துச்சுன்னா பேர் சாவிக்கு போயிடும். வேற ஒண்ணும் இல்ல.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்போ நிக்காத ஃபிட்ஸ நிறுத்தற மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே வீட்ல வெச்சுக்கணுமான்னு கேளுங்க, எடைக்கு எத்தனை பஃப்னு அவர் சொல்றத மார்க்கர்ல அந்த டப்பா மேலயே பெரிசா எழுதிடுங்க, பீரோக்குள்ள வெச்சு பூட்டாதீங்க. பாராசிட்டமால் குடுக்கறது புள்ள உடம்பு வலி இல்லாம இருக்கறதுக்கு, அது ஃபிட்ஸ தடுக்கும்னு நம்பி மணிக்கு ஒரு தடவை ஊத்தாதீங்க. சிரப் பாட்டில்ல 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்னு ஒண்ணு இருக்கும், 250னு ஒண்ணு இருக்கும், ட்ராப்ஸ்ல ஒரே மில்லியில 100 இருக்கும், மூணையும் ஒரே மூடில அளந்து குடுத்து பிரச்சனை ஆனத நான் பாத்திருக்கேன். லேபிள படிங்க.

ஃபிட்ஸ் கால் மணி நேரம் போச்சு, ஒரே நாள்ல ரெண்டாவது தடவை வந்துச்சு, ஒரு பக்கம் மட்டும் இழுத்துச்சு, நின்னதுக்கப்புறமும் புள்ள தெளியல, கழுத்து விறைப்பா இருக்கு, இதுல எது இருந்தாலும் ஆஸ்பத்திரில வெச்சு தான் பாப்பாங்க. அப்போ முதுகுல தண்ணி எடுக்கணும்னு சொன்னா சண்டை போடாதீங்க, மூளைக் காய்ச்சல் இருக்கான்னு பாக்க அது தான் வழி, அதனால யாருக்கும் கால் முடமாகாது.

கயிறு? கட்டிக்கட்டும், மாமியாருக்கு நிம்மதி. கழுத்துல வேண்டாம், மணிக்கட்டுல தளர்வா கட்டட்டும். புகை போடறது, சூடு வெக்கறது, மூக்குல சாறு விடறது, இதுல எதுக்கும் சரின்னு சொல்லாதீங்க.

கடைசியா உங்க தூக்கம். நிறைய குழந்தைங்களுக்கு காய்ச்சல் இருக்குன்னே ஃபிட்ஸ் வந்ததுக்கப்புறம் தான் தெரியும், அதனால நெத்திய தொட்டுக்கிட்டே உக்காந்திருக்கறது காவல் இல்ல, உங்க உடம்ப நீங்களே கரைச்சுக்கறது. காய்ச்சல் இருக்கற நாள்ல மட்டும் நீங்களும் அவரும் முறை வெச்சு முழிங்க, மத்த நாள் புள்ள பக்கத்துல படுத்து தூங்குங்க. மாசக்கணக்குல தூக்கம் வரல, அந்த காட்சியே கண்ணு முன்னாடி வந்துக்கிட்டிருக்குன்னா 104க்கு போன் பண்ணுங்க, இல்ல அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

*

வணக்கம் சிஸ்டர். என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. ரெண்டு நாளா வயித்து வலி, வாந்தி, பக்கத்து கிளினிக்ல வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் மூச்சு வேக வேகமா வாங்குது, கூப்பிட்டா கண்ணே தொறக்கல. பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், சுகர் மெஷின்ல நம்பரே வரல, 'ஹை'ன்னு காட்டுது. டைப் ஒன் டயபடீஸாம். ஐசியூல இருந்து பொழச்சு வந்துட்டா. இப்போ ஒரு நாளைக்கு நாலு ஊசி. சாக்லேட் வாங்கி குடுத்து நீ தான்டா கெடுத்தன்னு எங்க அம்மா பாக்கறப்பல்லாம் சொல்றாங்க. யாரோ ஒருத்தர் பொடி தர்றாராம், ஊசியே வேண்டாம்னு சொல்றாராம். சொந்தத்துல யார்கிட்டயும் மூச்சு விடாத, நாளைக்கு கல்யாணம்னு ஒண்ணு இருக்கு, அப்படியும் சொல்றாங்க. எனக்கு மண்டை காயுது.
- அப்பா, வேளச்சேரி

தம்பி, சாக்லேட் காரணம் இல்ல. இது உங்க அம்மா வயசுல வர்ற சுகர் இல்ல. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லுங்கள எதிரின்னு நெனைச்சு அழிச்சிடுது, ஏன் அப்படி திரும்புதுன்னு யாராலயும் ஒரு ஆள நோக்கி விரல் நீட்ட முடியாது. இன்சுலின் இல்லன்னா ரத்தத்துல சர்க்கரை ரொம்பி வழிஞ்சாலும் செல்லுக்குள்ள போகாது, உடம்பு கொழுப்ப எரிச்சு பொழைக்க பாக்கும், அதுல வர்ற கீட்டோன் ரத்தத்த அமிலமாக்கிடும், அத வெளிய தள்ளத்தான் அப்படி வேகமா மூச்சு வாங்குது, வயித்து வலியும் வாந்தியும் அதனால தான். பாக்க அசல் அஜீரணம் மாதிரியே இருக்கும்.

இத படிக்கிற மத்தவங்களும் கொஞ்சம் கவனிங்க. கொஞ்ச நாளாவே புள்ள சொம்பு சொம்பா தண்ணி குடிக்குது, ஒண்ணுக்கு போயிட்டே இருக்கு, நிறுத்தின பழக்கம் திரும்ப வந்து படுக்கைய நனைக்குது, நல்லா சாப்ட்டும் யூனிஃபார்ம் தொளதொளன்னு ஆகுது, பாத்ரூம்ல எறும்பு மொய்க்குது, இதுல ரெண்டு மூணு சேந்து இருந்தா அன்னிக்கே விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பாத்துடுங்க. ஒரு நிமிஷம் கூட ஆகாது.

அந்த பொடிக்காரர் விஷயத்துல மட்டும் நான் கறாரா சொல்றேன். டிஸ்சார்ஜ் ஆகி சில வாரத்துல நிறைய குழந்தைங்களுக்கு இன்சுலின் தேவை தானா கொறையும், மிச்சம் இருக்கற செல்லுங்க கொஞ்ச நாள் தெம்பா வேலை செய்யும், டாக்டருங்க இத ஹனிமூன்னு சொல்வாங்க, சில மாசம் கூட போகும். சரியா அந்த நேரத்துல பொடி சாப்பிட்டா "பாத்தீங்களா, சுகர் எறங்கிடுச்சு"ன்னு பொடிக்கு மாலை போட்டு ஊசிய நிறுத்துவாங்க. அப்புறம் அதே குழந்தை அதே மூச்சு வாங்கலோட ஐசியூக்கு வரும், சிலது வராது. இன்சுலின் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி இந்த நோய் வந்த குழந்தைங்க பட்டினி வைத்தியத்துல எலும்பும் தோலுமா ஆகி ஒண்ணு ரெண்டு வருஷத்துல போயிடுவாங்க. 1922 ஜனவரில கனடால டொராண்டோல 14 வயசு பையன் லியனார்ட் தாம்ப்சனுக்கு தான் மொத மொத போட்டாங்க, அதுக்கப்புறம் அவன் 13 வருஷம் இருந்தான். கண்டுபிடிச்ச பேன்டிங்கோட பொறந்த நாள் தான் நவம்பர் 14, உலக டயபடீஸ் தினம், நம்ம ஊர்ல அன்னிக்கு தானே குழந்தைகள் தினமும்.

உங்க அம்மாவ வாய மூடுங்கன்னு சொன்னா மூட மாட்டாங்க. வேலை குடுங்க. மெஷின்ல சுகர் பாத்து நோட்ல தேதி போட்டு எழுதறது பாட்டி பொறுப்புன்னு சொல்லிடுங்க, இட்லி எத்தனை, சோறு எத்தனை கரண்டின்னு கணக்கு வெக்கறதும் அவங்களே. ஒரு மாசம் நோட்ல எழுதினாங்கன்னா, சாக்லேட் சாப்பிடாத நாள்லயும் காய்ச்சல் வந்தா, பரீட்சை வந்தா சுகர் ஏறுதுன்னு அவங்க கண்ணாலயே பாப்பாங்க. நீங்க வக்கீல் மாதிரி வாதாட வேண்டியதே இல்ல.

சுகர் 70க்கு கீழ போனா புள்ள வேர்த்து, கை நடுங்கி, காரணம் இல்லாம அழும், இல்ல எரிஞ்சு விழும். டீ ஸ்பூன்ல மூணு சக்கரைய தண்ணில கலக்கி குடுங்க, கால் மணி கழிச்சு திரும்ப பாருங்க. அந்த நேரத்துல சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ஏறறத லேட் பண்ணும். மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஆஸ்பத்திரி தான். வாந்தி, காய்ச்சல், சாப்பிடலங்கறதுக்காக இன்சுலின மொத்தமா நிறுத்தவே கூடாது, அளவு மட்டும் டாக்டர்கிட்ட போன்ல கேட்டு மாத்துங்க, சுகர் 250 தாண்டி வாந்தியும் இருந்தா கீட்டோன் பாக்கணும். புது இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கட்டும், ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது. மே மாச வெயில்ல கரண்ட் போச்சுன்னா சின்ன மண்பானைய ஈர மணல்ல வெச்சு அதுக்குள்ள டப்பாவோட போட்டு வைங்க, பழைய முறை தான், இன்னிக்கும் வேலை செய்யுது.

சொந்தக்காரங்களுக்கு சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், ஸ்கூல்ல சொல்லியே ஆகணும். கிளாஸ் டீச்சர், பிடி மாஸ்டர், பக்கத்துல உக்கார்ற பொண்ணு, மூணு பேருக்கும் தெரியணும். பரீட்சை ஹாலுக்குள்ள சுகர் மாத்திரை, பழம் எடுத்துட்டு போக சிபிஎஸ்இ 2017லயே அனுமதி குடுத்துடுச்சு, எந்த போர்டா இருந்தாலும் டாக்டர் லெட்டரோட கேளுங்க. கல்யாணமா? சுகர கட்டுப்பாட்டுல வெச்சுக்கிட்டு கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, வேலைக்கு போற டைப் ஒன் பொண்ணுங்க இந்த ஊர்லயே நிறைய இருக்காங்க. பதினோரு வயசு புள்ளைக்கு இப்போ சைக்கிள் ஓட்டணும், அத பாருங்க.

*

சிஸ்டர், என் தங்கச்சியோட சின்ன பையனுக்கு ரெண்டு வயசு, வேர்க்கடலை மூச்சுக்குழாயில போய் மாட்டி, மயக்கம் குடுத்து டியூப் விட்டு எடுத்தாங்க. இப்போ நல்லா இருக்கான். ஆனா அந்த கடலைய ஊட்டினது அவனோட அக்கா, ஏழு வயசு. ஆஸ்பத்திரி நாள்ல எல்லாம் எங்க வீட்ல தான் இருந்தா. சாப்பிடவே இல்ல, தினமும் வயிறு வலிக்குதுங்கறா, தம்பி பக்கத்துல போக மாட்டேங்கறா.
- பெரியம்மா, பெரம்பூர்

அந்த அமளில யாராவது ஒருத்தர் "நீ தானே குடுத்த"ன்னு சொல்லியிருப்பாங்க. சொன்னவங்க மறந்திருப்பாங்க, அவ மறக்கல. ஆஸ்பத்திரிக்கு போன குடும்பத்துல எல்லாரும் படுத்திருக்கற புள்ளைய தான் பாப்பாங்க, வீட்ல விட்டுட்டு போன புள்ளைக்கு யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க, அது தானா ஒரு கதை கட்டிக்கும், அந்த கதைல அது தான் வில்லன்.

நீங்க சொன்னா பத்தாது பெரியம்மா, அவங்க அம்மாவோ அப்பாவோ மடியில உக்கார வெச்சு நேரா சொல்லணும். "நாலு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு முழு கடலை குடுக்க கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியது பெரியவங்க நாங்க, நீ ஆசையா பங்கு போட்டு குடுத்த, டாக்டர் எடுத்துட்டாரு, தம்பி நல்லா இருக்கான்." ஒரு தடவை சொல்லி விட்டுடாதீங்க, அவ வேற வேற மாதிரி திரும்ப கேப்பா. தம்பிக்கு சோறு ஊட்டற வேலைய அவளுக்கே திரும்ப குடுங்க, அம்மா பக்கத்துல இருக்கறப்போ. டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. ரெண்டு மூணு வாரத்துல வயித்து வலி போகலன்னா குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க.

கடலை, புளியங்கொட்டை, பொரிகடலை, ரிமோட்ல போடற பட்டன் பேட்டரி எல்லாம் சின்னதுங்க கைக்கு எட்டவே கூடாது. பேட்டரிய முழுங்கிட்டா வாழைப்பழம் குடுத்து காத்திருக்காதீங்க, உணவுக்குழாயில மாட்டினா ரெண்டு மணி நேரத்துலயே வெந்து போயிடும், உடனே எக்ஸ்ரே. தொண்டைல எதுவோ மாட்டி மூச்சே விட முடியலன்னா, ஒரு வயசுக்குள்ள இருந்தா முன்னங்கை மேல குப்புற போட்டு தலை தாழ்வா இருக்க முதுகுல அஞ்சு தட்டு, திருப்பி நடு நெஞ்சுல அஞ்சு அமுக்கு. ஒரு வயசு தாண்டினதுன்னா முதுகுல அஞ்சு தட்டு, அப்புறம் பின்னால நின்னு தொப்புளுக்கு மேல உள்ளயும் மேலயும் அஞ்சு தடவை அழுத்தணும், மாத்தி மாத்தி. இரும முடியுதுன்னா இருமட்டும், விடுங்க. கண்ணுக்கு தெரியாதத விரல விட்டு தோண்டாதீங்க.

*

அவசரத்துல 108க்கு காத்திருக்கறதா, ஆட்டோல ஓடறதா? காசு கட்டினா தான் தொடுவோம்னு சொன்னா என்ன பண்றது?
- வாசகர், வியாசர்பாடி

மூச்சுத் திணறல், நிக்காத ஃபிட்ஸ், மயக்கம், அடிபட்டு கழுத்து முதுகு சந்தேகம், இதுக்கெல்லாம் 108. 2008லேர்ந்து நம்ம மாநிலத்துல ஓடுது, இலவசம், வண்டில ஆக்சிஜனும் பயிற்சி எடுத்த ஆளும் இருப்பாங்க, வர்ற வழியிலயே போன்ல என்ன பண்ணணும்னு சொல்வாங்க. ஆஸ்பத்திரி ரெண்டு சிக்னல் தள்ளி தான் இருக்குன்னா ஆட்டோல போயிடுங்க, ஆனா கூட ரெண்டு பேர், ஒருத்தர் குழந்தைய ஒருக்களிச்சு புடிச்சுக்கணும், இன்னொருத்தர் அங்க போன் பண்ணி சொல்லணும். மயக்கமா இருக்கற புள்ளைய பைக்குல நடுவுல உக்கார வெச்சு கூட்டிட்டு போகாதீங்க.

எழும்பூர் ஹால்ஸ் ரோட்ல இருக்கற அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரி நாள் பூரா, ராத்திரி பூரா திறந்திருக்கு. கூட்டம் இருக்கும், பாயி தலையணையோட வராண்டால அம்மாங்க படுத்திருப்பாங்க, அத பாத்து முகம் சுளிச்சுட்டு திரும்பி வர்றவங்கள எனக்கு தெரியும். அங்க ஒரு நாள்ல பாக்கற கேஸ் பல பெரிய இடத்துல ஒரு மாசத்துல வராது. அவசர சிகிச்சை மொதல்ல, மத்தது அப்புறம்னு சுப்ரீம் கோர்ட் 1989லயே பர்மானந்த் கட்டாரா வழக்குல சொல்லியாச்சு, அது தனியாருக்கும் சேத்து தான். வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இப்பவே வாங்கி வைங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ஐசியூ வாசல்ல நின்னுக்கிட்டு வருமான சர்டிஃபிகேட்டுக்கு அலையறது மாதிரி கொடுமை வேற இல்ல.

*

சகோதரி அவர்களுக்கு, என் பேரனுக்கு டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அன்றுதான் கை கால் ஜில்லிட்டு ஐசியூவில் சேர்த்தோம். மறுநாள் வென்டிலேட்டர். டாக்டர் "48 மணி நேரம் போகட்டும்" என்பதைத் தவிர எதுவும் சொல்வதில்லை. ஒரு மருமகன் பிளேட்லெட் ஏற்றச் சொல்கிறார், இன்னொருவர் பப்பாளி இலைச் சாறு என்கிறார். நாங்கள் என்ன கேட்க வேண்டும்?
- தாத்தா, மயிலாப்பூர்

ஐயா, டெங்குல காய்ச்சல் எறங்கற நேரம் தான் ஆபத்தான நேரம், மூணுலேர்ந்து ஏழாவது நாளுக்குள்ள. ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி மாதிரி இருக்கற பகுதி கசிய ஆரம்பிக்கும், அதனால தான் பிரஷர் எறங்கி கை கால் ஜில்லுன்னு ஆகுது. இந்த கசிவு ஒண்ணு ரெண்டு நாள்ல தானா நிக்கும், அதத்தான் அந்த 48 மணி நேரம்னு சொல்றாங்க, சும்மா சொல்ற பேச்சு இல்ல. அது வரைக்கும் சலைன அளந்து அளந்து குடுக்கணும், கொறைஞ்சா பிரஷர் நிக்காது, கூடினா நுரையீரல்ல தேங்கும். பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் கம்மியா இருந்து ரத்தப்போக்கு இல்லன்னா ஏத்த வேண்டியதில்ல. சாறு விஷயமா நான் சொல்றது ஒண்ணு தான், வென்டிலேட்டர்ல இருக்கற குழந்தைக்கு வெளிலேர்ந்து ஒரு சொட்டு கூட போகக் கூடாது.

டாக்டர்கிட்ட ரெண்டு மருமகனும் மாறி மாறி போகாதீங்க. வீட்டுக்கு ஒரே ஆள், கையில ஒரு நோட், ரவுண்ட்ஸ் முடியற நேரம். "பொழச்சுப்பானா"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. நேத்திய விட இன்னிக்கு எப்படி இருக்கான், எது எதுக்கெல்லாம் மெஷினும் மருந்தும் துணை வேணும், அடுத்த ஆறு மணி நேரத்துல நீங்க எத கவனிச்சுக்கிட்டு இருக்கீங்க, ஒண்ணுக்கு எவ்ளோ போனான், இத கேளுங்க, இதுக்கெல்லாம் பதில் இருக்கும். வந்து குடும்பத்துக்கு ஒரே ஒரு தடவை படிச்சு காட்டுங்க, இன்னொரு மருமகனுக்கு கேன்டீன், ஃபார்மசி, பில் கவுன்டர் குடுத்துடுங்க.

உள்ள போனா எல்லாரும் மானிட்டர தான் வெறிச்சு பாப்பாங்க. விரல்ல மாட்டின கிளிப் கொஞ்சம் நழுவினாலே ஆக்சிஜன் நம்பர் எறங்கி அலாரம் கத்தும், அங்க ஒரு பாட்டி மயங்கி விழுவாங்க, நாங்க கிளிப்ப சரி பண்ணுவோமா பாட்டிய தூக்குவோமா? நீங்க பேரன் மூஞ்ச பாருங்க. அசையாம கெடக்கறது பெரும்பாலும் தூக்க மருந்தால தான். கைய கழுவிட்டு, நர்ஸ்கிட்ட கேட்டுட்டு, உள்ளங்கைய புடிச்சுக்கிட்டு வீட்ல கூப்பிடற பேர சொல்லி சாதாரணமா பேசுங்க, அவன் அம்மாவையும் பேச சொல்லுங்க. அழுகை வந்தா வெளிய வந்துடுங்க.

*

எதிர் ஃப்ளாட் குழந்தை ஐசியூல இருக்கு. நாங்க என்ன உதவி பண்றதுன்னே தெரியல.
- குரோம்பேட்டை

"எதுவா இருந்தாலும் கேளுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அவங்களுக்கு கேக்கற தெம்பு இருக்காது. நீளமான வயரோட போன் சார்ஜர், ஃபிளாஸ்க், ஒரு போர்வை, ஐசியூ வெளிய ஏசி குளிர் கொல்லும். காலைல பால் பாக்கெட்ட எடுத்து உங்க ஃப்ரிட்ஜ்ல வைங்க, குப்பைய போட்டுடுங்க, தண்ணி லாரி வந்தா அவங்க குடத்தையும் புடிச்சு வைங்க. தினமும் போன் பண்ணி விசாரிக்காதீங்க. எங்க மச்சினன் புள்ளைக்கும் இதே தான், அப்புறம் என்ன ஆச்சு தெரியுமான்னு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு கூட்டமா போய் நிக்காதீங்க, பத்து நாள் கழிச்சு, வந்த சொந்தமெல்லாம் ஊருக்கு போனதுக்கப்புறம் போங்க, அப்போ தான் அந்த அம்மாவுக்கு உக்காந்து அழவே நேரம் கெடைக்கும். போறப்போ ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், இட்லி மாவு கொண்டு போங்க.